பழைய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் சீரமைப்பும் பராமரிப்பும்

பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்றில் தேவையான அளவு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கருவி கார்புரேட்டர் ஆகும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் இந்த வேலையைக் கணினியால் இயங்கும் எரிபொருள் செலுத்தி செய்கிறது. அதற்கு முந்தைய பழைய வண்டிகள் இன்றும் கார்புரேட்டரை நம்பியே ஓடுகின்றன.

பழைய வண்டி சரியாக ஓடாதபோது முதலில் பழி ஏற்பது கார்புரேட்டர்தான். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார்கள், அல்லது துளைகளைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான கார்புரேட்டர் கோளாறுகளுக்கு அழுக்கு, தேய்மானம், காற்றுக் கசிவு ஆகிய மூன்றுமே காரணம். மூன்றையும் வரிசையாகச் சோதித்தால் அசல் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம். இக்கட்டுரை 350 சிசி ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வரிசையை விளக்குகிறது.

வரலாறு

பெட்ரோலை நுண்துளை வழியாகத் தெளித்துக் காற்றில் கலக்கும் கார்புரேட்டர் 1893-ஆம் ஆண்டு உருவெடுத்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா ஆகிய இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதை உருவாக்கினர். இங்கிலாந்தில் அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் இணைந்து 1927-இல் அமால் என்ற பெயரைப் பெற்றன. அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் அமால் கார்புரேட்டரே பரவலாகப் பயன்பட்டது. அதன் மோனோப்ளாக் வகையில் உடலும் மிதவை அறையும் ஒரே வார்ப்பாக இருக்கும். 1967-இல் வந்த கான்சென்ட்ரிக் வகையில் மிதவை அறை ஜெட்டுக்கு நேர் கீழே, அதைச் சுற்றி அமைந்திருக்கும்.

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. பழைய புல்லட்களில் அமால் வகைக் கார்புரேட்டரும், பிற்காலத்து 350 சிசி வண்டிகளில் மிக்கார்ப் விஎம்24 வகையும் காணப்படுகின்றன. மிக்கார்ப் என்பது ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இந்தியாவில் செய்யப்பட்டது. அந்த மிகுனி நிறுவனமும் தொடக்கத்தில் அமாலிடம் உரிமம் பெற்றே கார்புரேட்டர் செய்தது. எனவே இரண்டின் அடிப்படை அமைப்பும் ஒன்றுதான். ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றொன்றும் புரியும்.

செயல்படும் முறை

முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்கப் பயன்பட்ட பிளிட் பம்பை நினைத்துப் பார்க்கலாம். கைப்பிடியைத் தள்ளும்போது குழாயின் வாய்க்கு மேலே காற்று வேகமாகப் பாய்கிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைவதால் டப்பாவில் உள்ள மருந்து மேலேறிச் சிறு துளிகளாகச் சிதறுகிறது. கார்புரேட்டரிலும் இதுவே நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கார்புரேட்டரின் குறுகலான பகுதியில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புல்லட் 350 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. சிலிண்டர் முழுவதும் காற்றால் நிரம்பினால் அதன் எடை ஏறத்தாழ 0.4 கிராம். அதற்குத் தேவையான பெட்ரோல் 0.03 கிராமுக்கும் குறைவு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் இந்த அளவீடு நிமிடத்துக்கு 1,500 முறை நடக்க வேண்டும். இத்தனை நுட்பமான வேலையை மின்சாரமோ கணினியோ இல்லாமல் சில பித்தளைத் துளைகள் செய்கின்றன. அந்தத் துளைகளின் அளவு ஏன் மாறக்கூடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

பெட்ரோல் தேவைக்கு மேல் சேர்ந்தால் அது செறிந்த கலவை. குறைந்தால் மெலிந்த கலவை. பட்டறைகளில் இவற்றை ரிச், லீன் என்பர். செறிந்த கலவை கரும்புகையையும் மைலேஜ் குறைவையும் தரும். மெலிந்த கலவை அதைவிட ஆபத்தானது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகலாம், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளலாம். மைலேஜ் கூட வேண்டும் என்பதற்காகக் கலவையை மெலிதாக்குவது, மிச்சம் பிடித்த பெட்ரோல் காசைப் போல் பல மடங்கு எஞ்சின் வேலைக்குச் செலவழிக்கும் நிலையில் கொண்டுபோய் விடும்.

உறுப்புகளும் அவற்றின் பங்கும்

மிதவைக் கிண்ணம்: பெட்ரோல் தங்கும் அடிப்பகுதி. மிதவை மேலெழும்போது ஊசி வால்வை அழுத்திப் பெட்ரோல் வரத்தை நிறுத்தும். வீட்டு மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஸ்லைடு: ஆக்சிலேட்டர் கேபிளோடு மேலும் கீழும் நகரும் உருளை. காற்று வழியைத் திறந்து மூடுகிறது. இதன் அடியில் காற்று வடிகட்டியைப் பார்த்த பக்கம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும்.

நீடில், நீடில் ஜெட்: ஸ்லைடில் தொங்கும் கூம்பு வடிவ ஊசியும், அது நுழைந்து வெளியேறும் பித்தளைக் குழாயும். ஊசி உயர உயர இரண்டுக்கும் இடையிலான வளைய இடைவெளி பெரிதாகி அதிகப் பெட்ரோல் வரும்.

மெயின் ஜெட்: ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது பெட்ரோலுக்கு வரம்பு கட்டும் துளை.

ஸ்லோ ஜெட்: பைலட் ஜெட் என்றும் பெயர். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பெட்ரோல் தருகிறது.

ஏர் ஸ்க்ரூ: ஸ்லோ ஜெட்டோடு கலக்கும் காற்றின் அளவை மாற்றும் திருகு. இது காற்று வடிகட்டியின் பக்கம் இருக்கும் வகைகளில், உள்ளே திருகினால் கலவை செறியும். வெளியே திருகினால் மெலியும்.

ஆக்சிலேட்டரின் ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு உறுப்பு முன்னிலை வகிக்கிறது. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் சாய்வு வெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். இந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்திருக்கும். கோளாறு வரும்போது ஆக்சிலேட்டர் எந்த அளவு திறந்திருக்கிறது என்று கவனித்தால் எந்த உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைப்பிடியில் ஒரு துண்டுக் காகித நாடாவை ஒட்டிக் கால், அரை, முக்கால் எனக் கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. வண்டி எத்தனை கி.மீ. வேகத்தில் தடுமாறுகிறது என்பது இங்கு அவ்வளவாக உதவாது.

கார்புரேட்டரைத் தொடும் முன்

கார்புரேட்டர் கோளாறு போலத் தோன்றும் பலவும் வேறு இடத்தில் தொடங்குபவை. பாயின்ட் கருகியிருந்தாலும் கண்டென்சர் பழுதானாலும் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். எனவே முதலில் பிளக், பாயின்ட் இடைவெளி, டைமிங் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் கம்பிகள் விரலால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, பெட்ரோல் குழாயிலிருந்து தடையின்றி வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டேங்க் மூடியின் துளை அடைத்திருந்தால் வண்டி சில கி.மீ. நன்றாக ஓடிப் பிறகு நின்றுவிடும்; மூடியைத் திறந்தவுடன் மீண்டும் ஓடும்.

அடுத்து காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள பேக்கிங், ஓ-ரிங் அல்லது ரப்பர் இணைப்பு கெட்டிருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகும். ஐடிலிங் ஏறி இறங்குவதும், ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சின் வேகம் மெதுவாகவே குறைவதும் இதன் அறிகுறிகள். எஞ்சின் ஓடும்போது இணைப்பின்மேல் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். ஓசை மாறினால் அங்கே கசிவு உண்டு. சூடான எஞ்சின்மேல் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயையோ இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

கழற்றுதல்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவித் தொலைவில் உள்ள நெருப்பையும் எட்டும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, விளக்கு, பீடி சிகரெட் எதுவும் அருகில் இல்லாதபோது மட்டுமே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

1. பெட்ரோல் டேப்பை மூடிக் குழாயைக் கழற்றி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும். அடியில் தண்ணீர்க் குமிழோ துருத்தூளோ தெரிந்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வதில் பயன் இல்லை.

2. கார்புரேட்டரைத் திறக்கும் முன்பே வெளிப்புற மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட வேண்டும்.

3. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, அது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும். அழுத்தி இறுக்கினால் அதன் கூர்முனையும் உடலிலுள்ள துளையும் கெடும்.

4. நீடில் கிளிப் மேலிருந்து எத்தனையாவது வெட்டில் இருந்தது, ஜெட்களில் பொறித்துள்ள எண் என்ன என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

5. ஜெட்டைக் கழற்ற அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பித்தளை மென்மையானது, சிறிய திருப்புளியால் முயன்றால் வெட்டு சிதைந்துவிடும்.

உள்ளே இருந்த எண்களை எழுதி வைத்துவிட்டு, அவை அந்த வண்டிக்கு நிறுவனம் குறித்தவைதாமா என்று கையேட்டில் ஒப்பிட வேண்டும். பல கை மாறிய வண்டியில் முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிறுவனத்தின் ஜெட் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. அமால் மெயின் ஜெட்டின் எண், ஒரு நிமிடத்தில் எத்தனை கன செ.மீ. பாய்கிறது என்பதைக் குறிக்கும். வேறு சிலவற்றில் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும்.

சுத்தம் செய்தல்

ரப்பர், பேக்கிங், மிதவை அனைத்தையும் எடுத்த பிறகே உடலைச் சுத்தம் செய்ய வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே காய்ந்த பெட்ரோல் பிசினைக் கரைக்கும். அதன் நீளக் குழலை ஒவ்வொரு துளையிலும் வைத்து அடித்து, மறுமுனையில் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாதபடி கண்ணாடி அணிவது அவசியம். பிறகு கம்ப்ரஸர் காற்றால் ஊத வேண்டும். மண்ணெண்ணெய் வெளி அழுக்குக்கு உதவும்; துளைக்குள் உறைந்த பிசினை அது சரியாகக் கரைக்காது. பித்தளைப் பாத்திரம் துலக்குவது போலப் புளி, எலுமிச்சை, அமிலம் கலந்த கழுவு திரவம் ஆகியவற்றை உடலின்மேல் பயன்படுத்தக்கூடாது. கார்புரேட்டர் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. அமிலம் அதை அரித்துவிடும்.

ஜெட் துளையைக் கம்பியாலோ ஊக்காலோ குத்துவது பரவலான பழக்கம். 1.00 மி.மீ. துளை குத்துப்பட்டு 1.05 மி.மீ. ஆனால், விட்டம் 5 விழுக்காடுதான் கூடியது போலத் தோன்றும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், துளையின் பரப்பு 10 விழுக்காட்டுக்கு மேல் பெருகிவிடும். பொறித்த எண் மாறாமல் இருக்க, உள்ளே துளை மட்டும் மாறிவிட்டிருக்கும். அடுத்து வருபவருக்குக் கோளாறு எங்கே என்றே தெரியாது. ஊறவைத்து ஊதியும் அடைப்பு விலகாவிட்டால் மெல்லிய நைலான் இழையைப் பயன்படுத்தலாம். அதுவும் பலிக்காவிட்டால் புது ஜெட் வாங்குவதே சிக்கனம்.

அமால் கான்சென்ட்ரிக் வகையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான பலவற்றில் ஸ்லோ ஜெட் உடலுக்குள்ளேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. அதன் துளை 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. ஏர் ஸ்க்ரூ துளையின் வழியாக அதே அளவுள்ள நுண் துளையிடு கம்பியை விரலால் மட்டும் சுழற்றி அடைப்பை நீக்குவர். இது துளையைப் பெரிதாக்காமல், அதன் சரியான அளவுக்கே மீட்கிறது.

தேய்மானத்தைச் சோதித்தல்

சுத்தம் செய்தும் சரியாகாத கார்புரேட்டர் பெரும்பாலும் தேய்ந்ததாகவே இருக்கும்.

நீடில் ஜெட்: நீடில் பல்லாண்டுகள் அதிர்ந்து உரசுவதால் வட்டத் துளை நீள்வட்டமாகும். அரை ஆக்சிலேட்டரில் செறிந்த கலவையும் மைலேஜ் இழப்பும் இதன் விளைவு. அமாலின் 0.106 அங்குல நீடில் ஜெட்டுக்கும் 0.107 அங்குல ஜெட்டுக்கும் உள்ள வேறுபாடு 0.025 மி.மீ. மட்டுமே. இந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. நெடுங்காலம் ஓடிய வண்டியில் நீடிலையும் நீடில் ஜெட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம்.

ஸ்லைடும் உடலும்: ஸ்லைடைப் பாதி உயர்த்தி முன்னும் பின்னும் அசைத்தால் அதிகம் ஆடக்கூடாது. ஆடினால் அந்த இடைவெளி வழியே காற்று புகுந்து ஐடிலிங் நிலைக்காது. புது ஸ்லைடு சிறிது உதவும். உடலே தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து உள் உறை பொருத்தலாம். இது அனுபவமுள்ள லேத் பட்டறையின் வேலை.

இணைப்பு முகம்: நட்டுகளை அதிகமாக இறுக்குவதால் பக்கவாட்டுக் காதுகள் வளைந்து முகம் வில்போல் ஆகும். எஃகு அளவுகோலை முகத்தின்மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும். தடித்த கண்ணாடிமேல் நுண்ணிய எமரித் தாளை வைத்து, எண்வடிவில் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

மிதவை: காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஓசை கேட்கக்கூடாது. பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவையில் சூடான பற்றவைப்புக் கம்பியை வைப்பது ஆபத்து, ஆவி வெடிக்கக்கூடும். பற்றவைத்தால் எடை கூடி மட்டமும் மாறும். மாற்று மிதவை கிடைத்தால் அதுவே மேல்.

மிதவை ஊசி: கூம்பு முனையில் வளையத் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். இது சரியாக மூடாமல், பெட்ரோல் டேப்பும் திறந்தபடி வண்டி நின்றால், பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியைக் கிளப்பக்கூடாது.

மிதவை மட்டம்

கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம் எல்லா ஜெட்களையும் ஒருசேரப் பாதிக்கும். மட்டம் உயர்ந்தால் எல்லா நிலைகளிலும் கலவை செறியும், தாழ்ந்தால் மெலியும். இதைச் சரிசெய்யாமல் ஜெட்டை மாற்றுவது, சாய்ந்த தராசில் எடைக்கல்லை மாற்றி மாற்றிப் போடுவதற்கு ஒப்பானது. அளவு ஒவ்வொரு வகைக்கும் வேறுபடும். கையேட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும். மிதவைக் கையில் உள்ள சிறிய உலோக நாக்கை இம்மியளவு வளைத்து மட்டத்தை மாற்றலாம்.

பொருத்துதல்

புதிய பேக்கிங், புதிய ஓ-ரிங் போட்டே பொருத்த வேண்டும். ஸ்லைடின் சாய்வு வெட்டு காற்று வடிகட்டியின் பக்கம் பார்க்க வேண்டும். நீடில் அதன் ஜெட்டுக்குள் தடையின்றி இறங்க வேண்டும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

எஞ்சினைக் கிளப்பும் முன் ஆக்சிலேட்டரை முழுவதும் திருகி விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்லைடு 'டக்' என்ற ஓசையுடன் அடியில் விழ வேண்டும். ஹேண்டில்பாரை இடப்புறமும் வலப்புறமும் முழுவதும் திருப்பி இதே சோதனையைச் செய்ய வேண்டும். ஸ்லைடு மேலே சிக்கிக்கொண்டால், சாலையில் ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி வேகம் குறையாது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் உயிர் காப்பது இதுதான்.

ட்யூனிங்

ட்யூனிங் என்பது சீரமைப்பின் கடைசிப் படி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே இதைச் செய்ய வேண்டும்.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். ஸ்லைடு திருகால் ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி, ஏர் ஸ்க்ரூவை இரு பக்கமும் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடமே சரியான இடம். அதன்பின் ஐடிலிங்கைக் குறைத்து, மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஏர் ஸ்க்ரூ கிட்டத்தட்ட முழுவதும் மூடினால்தான் சீராக ஓடுகிறது என்றால் கலவை மெலிந்திருக்கிறது. ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம், சிறியதாக இருக்கலாம், அல்லது எங்கோ காற்று புகலாம். மூன்று சுற்றுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் ஸ்லோ ஜெட் பெரியது.

அரை ஆக்சிலேட்டரில் தடுமாற்றம் இருந்தால் நீடில் கிளிப்பை ஒரு வெட்டு மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை செறியும். மேல் வெட்டுக்கு ஏற்றினால் மெலியும்.

கலவையின் நிலையை அறியப் பிளக்கைப் பார்ப்பது பழைய முறை. உலர்ந்த கரி படிந்திருந்தால் செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு, வெளிர் பழுப்பு நலம். ஐடிலிங்கில் வெகுநேரம் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்தால் ஐடிலிங் கலவைதான் தெரியும். வெறிச்சோடிய சாலையில் ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்துச் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பார்த்தால் அந்த நிலையின் கலவை தெரியும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது இங்கு மாறாத விதி. ஜெட்டையும் நீடிலையும் ஏர் ஸ்க்ரூவையும் ஒன்றாக மாற்றினால், வண்டி நன்றாக ஓடினாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானாலும் எது கெடுத்தது என்று தெரியாது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துச் சோதனை செய்யும் முறைதான் இது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் என்ற இலக்கு 2022-இல் எட்டப்பட்டது. 2023 முதல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பழைய கார்புரேட்டர்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, துத்தநாக உடலில் வெள்ளைப் பொடி படிய வைக்கும். பழைய ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் உப்பும் அல்லது இறுகி வெடிக்கும்.

மற்றொரு விளைவும் உண்டு. ஒரு கிராம் எத்தனால் எரிய ஏறத்தாழ 9 கிராம் காற்றே போதும். எனவே அதே ஜெட் வழியாக அதே அளவு வந்தால் கலவை முன்பைவிட மெலிந்ததாகிறது. தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் உணரி கார்புரேட்டரில் இல்லை. பிளக் வெளுத்து, எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடானால், நீடிலை ஒரு வெட்டு உயர்த்துவதோ மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுவதோ தேவைப்படலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் ஊசிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அமால் வகைகளுக்கு எத்தனாலைத் தாங்கும் புதிய மிதவைகளும், கடினமாக்கப்பட்ட அலுமினிய ஸ்லைடுகளும் இங்கிலாந்தில் இன்றும் தயாரிக்கப்படுகின்றன.

வழக்கமான பராமரிப்பு

- வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூட வேண்டும்.
- ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாவிட்டால் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசினே ஸ்லோ ஜெட் அடைப்புக்கு முதன்மைக் காரணம்.
- டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள வடிகட்டியை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.
- காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டக்கூடாது. தூசி ஸ்லைடையும் சிலிண்டரையும் தேய்க்கும், கலவையும் மெலியும்.
- ஆக்சிலேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, பிரிந்த இழை உள்ளதா என்று பார்க்க வேண்டும்.
- செய்த மாற்றங்களைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

அசல் உறுப்பின் மதிப்பு

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். வாகனம் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பதும், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பதும் அவற்றின் சாரம். தேய்ந்த ஜெட்டையும் ஓ-ரிங்கையும் மாற்றுவது பராமரிப்பு. அசல் கார்புரேட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவது இழப்பு. வேறு கார்புரேட்டர் பொருத்தியே ஆக வேண்டிய நிலையிலும், கழற்றிய அசலை எண்ணெய் தடவிப் பொதிந்து வைப்பது நல்லது. இன்று மாற்று உறுப்பு கிடைக்காவிட்டாலும் நாளை கிடைக்கலாம்.

கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் இப்போது குறைந்து வருகின்றனர். அவர்களின் காதுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, ஆக்சிலேட்டரின் எந்த நிலையில் எந்த ஜெட் வேலை செய்கிறது என்ற அறிவுதான். அது கற்றுக்கொள்ளக்கூடியது. சரியான திருப்புளி, சுத்தமான துணி, ஒரு குறிப்பேடு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற பொறுமை ஆகியவை இருந்தால் ஐம்பது ஆண்டுப் பழைய கார்புரேட்டரும் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.